சிவப்பில்லாத தபால்தலை

ராயபுரத்தில் ஒரு பழைய படிப்பகத்தின் மாடியில், மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தபால்தலை சேகரிப்பவர்கள் கூடுவார்கள். பதினைந்து பேர் வந்துவிட்டால் அன்றைக்கு நல்ல கூட்டம் என்று அர்த்தம். யாராவது ஒரு தபால்தலையை மேசையில் வைத்து "இது எவ்வளவு போகும்?" என்று கேட்டால், மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் தமீமின் முகத்தைப் பார்ப்பார்கள். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்டின் அலுவலகத்தில் அவர் முப்பது வருடமாகச் சுங்கக் காகிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். பணக்காரர் இல்லை. அவருடைய சேகரிப்பும் அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் இருபதாயிரம் கொடுத்து வாங்கிய ஆல்பத்தைப் பெருமையாக விரித்துக் காட்டிய ஒருவரிடம், "இதுல பாதிக்கு மேல டூப்ளிகேட்டு, ஏமாந்துட்டீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்தான். தமீம் பாய் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அந்த மாடியில் யாரும் மறுக்காத விஷயம். அவருக்கும் அது தெரியும். அதில் அவருக்கு உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது.

ஜனவரி மாதக் கூட்டம் முடியும் நேரத்தில் நீலா வந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்று தேடி, தமீமைக் கண்டதும் நேராக வந்தாள்.

"பாய், என்னெ ஞாபகம் கீதா? நவம்பர்ல எங்க ஸ்கூலுக்கு வந்து பசங்களாண்ட ஸ்டாம்பெல்லாம் காமிச்சீங்களே. நான் அங்கதான் சத்துணவு அமைப்பாளரா கீறேன். பழசு எது இருந்தாலும் எடுத்தாங்க, பாத்து சொல்றேன்னீங்க."

"வாம்மா, குந்து. இன்னா எடுத்தாந்திருக்கே?"

அவள் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதன் நடுவிலிருந்து ஒரு தபால் உறையை மெதுவாக வெளியே எடுத்தாள்.

"எங்கப்பா எங்கம்மாவுக்குப் போட்ட லெட்டரு. சுப்பராயன்னு பேரு, ரயில்வேல இருந்தாரு. அப்பால பேசின் பிரிட்ஜு யார்டுக்கு வந்துட்டாரு, ஆனா நான் பொறந்தப்போ விசாகப்பட்டணத்துல வேல. உள்ள இருந்த காயிதத்த நான் வச்சுகினேன். எம் பொண்ணு மகிழினிதான் சொல்லிச்சு, பழைய ஸ்டாம்புக்கெல்லாம் வெல கீதாம், போய்க் கேளுன்னு."

உறையில் 'திருமதி பூவம்மா, வியாசர்பாடி' என்று சாய்வான கையெழுத்து. வலது மூலையில் இருபத்தைந்து காசுத் தபால்தலை ஒன்று. எழுபதுகளில் ஒரு துறைமுகத்தின் நூற்றாண்டுக்காக வெளியிட்டது. நடுவில் கலங்கரை விளக்கம். அதன்மேல் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருக்க வேண்டும். தமீமிடமே அதில் ஆறோ ஏழோ இருந்தன, ஒவ்வொன்றும் இருபது ரூபாய்கூடப் பெறாது. ஆனால் இந்த உறையில் இருந்த கலங்கரை விளக்கத்தில் சிவப்பே இல்லை. அடிமுதல் உச்சிவரை வெள்ளையாக நின்றது. நீலக் கடல் இருந்தது, கறுப்பு எழுத்துகள் இருந்தன. சிவப்பு மட்டும் காணோம்.

சிவப்பு மை விழாமல் அச்சாகிவிட்ட ஒரு தாள் எப்படியோ தபால் நிலையத்துக்குப் போய்விட்டது என்று சேகரிப்பவர்கள் பேசிக்கொள்வதுண்டு. அதில் ஒன்றே ஒன்று பல வருடங்களுக்கு முன் ஏலத்துக்கு வந்து மூன்று லட்சத்துக்குப் போனது. அதன் படத்தைத் தமீம் ஒரு பழைய ஏலப் புத்தகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். உறையோடும் முத்திரையோடும் ஒன்று கிடைத்தால் அதன் விலையே வேறு. நாற்பது வருடம் சேகரித்ததில் அப்படியொன்று அவர் கைக்கு வந்ததில்லை. உருப்பெருக்கியை எடுத்தார். தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று உறையின்மேல் குனிந்துகொண்டார்.

"வெயில்ல வெளுத்துப் போச்சும்மா" என்றார்.

யோசித்துச் சொன்னதல்ல. அந்தப் பொய் எங்கிருந்து அத்தனை தயாராக வந்தது என்று பிறகு பல நாள் அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார்.

"செவப்புக் கலர் இருந்தாக்கூட இருவது ரூபா போகும். இப்ப ஒண்ணியும் கெடையாது."

"அப்டியா? நானும் அதான் நெனச்சேன்." நீலாவின் முகத்தில் பெரிய ஏமாற்றம் ஒன்றும் இல்லை. "சரி, குடுங்க பாய். வூட்லயே இருக்கட்டும்."

அவள் கையை நீட்டினாள். அந்த இடத்தில் அவர் கொடுத்திருக்கலாம். ஒரு பொய்யோடு போயிருக்கும்.

"இரும்மா. வெயில் பட்டா ஸ்டாம்பு எப்படிக் கெட்டுப் போகும்னு பசங்களுக்குக் காட்ட ஒண்ணு வேணும்னு ரொம்ப நாளா தேடிகினு இருந்தேன். இத நான் வச்சுக்கறேன். ஐந்நூறு ரூபா தரேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"ஒண்ணுத்துக்கும் ஆவாததுக்கு ஐந்நூறா?" அவள் சிரித்தாள். பிறகு உறையைப் பார்த்தாள். "கவுர்ல எங்கப்பா கையெழுத்து கீதே பாய். ஸ்டாம்ப மட்டும் கத்திரிச்சு எடுத்துக்கறீங்களா?"

"கத்திரிச்சா ஓரமெல்லாம் கிழிஞ்சிரும்மா. அப்பால பசங்களுக்குக் காட்ட முடியாது."

அவள் சிறிது நேரம் உறையின் மேல் இருந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு எழுந்தாள். "பசங்களுக்குன்னா வச்சுக்கங்க. துட்டெல்லாம் வேணாம். பசங்களுக்குன்னு சொல்லிட்டு அதுக்குப் போய் துட்டு வாங்குவாங்களா?"

தமீம் நோட்டைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த வீட்டுக்கு அன்று அவர் நடந்தே போனார். ஷேர் ஆட்டோவின் நெரிசலில் உறை மடங்கிவிடுமோ என்ற பயம். மனைவி ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டு, விளக்கடியில் வைத்துக் காட்டினார். முப்பது வருட வாழ்க்கையில் அவர் இப்படிக் குழந்தைபோலக் குதித்து அவள் பார்த்ததில்லை.

"மூணு லட்சமா? இதுக்கா?" என்று அவள் உறையைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "அந்தம்மாவுக்கு நீங்க எவ்ளோ குடுத்தீங்க?"

"அவங்க கேட்டத குடுத்தேன்."

சொல்லிவிட்டு, கணக்காகப் பார்த்தால் இது பொய்யில்லை என்று நினைத்துக்கொண்டார். நீலா எதையும் கேட்கவில்லைதானே.

இந்த மாதிரி அரிய பிழைத் தபால்தலையை யாரும் சும்மா வாங்க மாட்டார்கள். வெளியூரில் இருக்கும் நிபுணர் குழு ஒன்றுக்கு அனுப்பி, உண்மையான அச்சுப் பிழைதான் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். மறுநாளே தமீம் உறையை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, காப்பீடு செய்து அனுப்பிவிட்டார். பதில் வர இரண்டு மாதம் ஆகலாம் என்றார்கள்.

பத்து நாள் கழித்து நீலா அவருடைய அலுவலகத்துக்கே வந்தாள். கூடவே அவள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் பெண். தோளில் மாட்டிய பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இவதான் பாய் மகிழினி" என்றாள் நீலா. "சொல்லவே வெக்கமா கீது. போன்ல எத்தையோ தேடி, இதே ஸ்டாம்பு, செவப்பு இல்லாதது, லச்சக்கணக்குல போச்சாம். அந்த பாய் உன்ன ஏமாத்திட்டாரும்மான்னு காரிடார்ல நின்னுகினு கத்தறா. அக்கம்பக்கம் அல்லாரும் கேக்கறாங்க. நம்ம பசங்களுக்காக அவ்ளோ தூரம் வந்து பாடம் எடுத்த மனுசன். எனக்கு ஆத்திரம் தாங்கல. வச்சேன் ஒண்ணு கன்னத்துல, அத்தினி பேர் முன்னாடியும். இப்ப உங்களாண்ட மன்னிப்பு கேக்க இட்டாந்தேன். கேளுடி."

தமீம் இடைமறித்தார். "அதெல்லாம் எதுக்கும்மா, சின்னப் பொண்ணு..."

"கேளுடின்றேன்."

"சாரி அங்கிள்" என்றாள் மகிழினி.

அந்த நிமிடத்தில் வாயைத் திறந்திருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். அவர் வாயைத் திறக்கத்தான் செய்தார். ஆனால் அதிலிருந்து வந்தது வேறு. "பரவாயில்லம்மா. நெட்ல ஆயிரம் போடுவான். எல்லாத்தையும் நம்பிடக் கூடாது. படிக்கிற பொண்ணு, எதையும் நல்லா விசாரிச்சுப் பேசணும்." பொறுமையான, பெரிய மனிதக் குரல் அது.

பெண் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். "அந்த ஸ்டாம்ப இன்னொரு வாட்டி பாக்கலாமா அங்கிள்?"

"மறுபடியும் ஆரம்பிச்சியா?" என்று நீலா அதட்டினாள்.

"வூட்ல கீதும்மா. இன்னொரு நாளைக்குக் காட்றேன்" என்றார் தமீம்.

இருவருக்கும் டீ வரவழைத்தார். நீலா குடித்தாள். மகிழினியின் கோப்பை ஆடை படிந்து அப்படியே மேசையில் இருந்தது. அவர்கள் போன பிறகும் அதை எடுத்துக்கொண்டு போகும்படி யாரிடமும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மார்ச் கடைசியில் குழுவின் பதில் வந்தது. உறையும், அதோடு ஒரு பக்கக் காகிதமும். தமீம் அதை அலுவலகத்திலேயே நின்றபடி படித்தார். பெரிதாக்கிப் பார்க்கும்போது பட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையின் துகள்கள் தெரிகின்றன. உறையில் எழுதிய மையும் அந்தப் பக்கம் மங்கியிருக்கிறது. இது அச்சுப் பிழை அல்ல, நெடுநாள் வெளிச்சம் பட்டதால் நிறம் வெளுத்தது. சேகரிப்பு மதிப்பு ஏதும் இல்லை.

வெயிலில் வெளுத்துப் போனதுதான்.

முதலில் வந்தது துக்கம். மூன்று லட்சம் போய்விட்டதே என்றுதான். ஆனால் சாயங்காலத்துக்குள் அது மாறி, பெரிய நிம்மதி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அவளிடம் நான் சொன்னது என்ன? வெளுத்துப்போச்சு, ஒன்றும் பெறாது என்றேன். அதுதானே உண்மை? யாருக்கும் நஷ்டமில்லை. யாரையும் நான் ஏமாற்றவில்லை. இரண்டு வாரம் இந்த நிம்மதியிலேயே இருந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

ஏப்ரல் கூட்டத்துக்கு ஷம்ஷாத் என்று ஒரு பெண் வந்தாள். நீலாவோடு அதே பள்ளியில் சமையல் வேலை பார்ப்பவள். இறந்துபோன கணவனின் ஆல்பத்தைக் கொண்டுவந்திருந்தாள். "நீலா அக்காதான் உங்களாண்ட போகச் சொன்னாங்க. இல்லாதத இல்லன்னு முகத்துக்கு நேரா சொல்ற மனுசரு, அவர நம்பிக் குடுக்கலாம்னாங்க" என்றாள்.

தமீம் ஆல்பத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் சாதாரணத் தபால்தலைகள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பப் போன கை நின்றுவிட்டது. இந்தப் பக்கத்தில் ஏதாவது நல்லதாக இருந்துவிட்டால் நான் என்ன சொல்வேன் என்ற கேள்வி வந்தது. அதற்குப் பதில் அவருக்கே தெரியவில்லை. இதுவரை வாழ்நாளில் அப்படியொரு கேள்வி அவருக்குள் எழுந்ததில்லை. ஆல்பத்தை மூடி, சங்கத் தலைவர் இன்னாசியிடம் தள்ளினார். "இவரு பாத்து சொல்வாரும்மா. எனக்குக் கண்ணு சரியில்ல."

அன்று வீட்டில் ரஹீமுன்னிசாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். பணம் கொடுக்காததையும் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதுதான் கடைசில நெசமா போச்சே. அப்புறம் ஏன் மூஞ்ச இப்படி வச்சுகினு கீறீங்க?" என்றாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு அவளே, "ஆனா பொய்யின்னு நெனச்சுதானே சொன்னீங்க" என்றாள்.

அவர் உறையை எடுத்து மேசையில் வைத்தார்.

"கவர திருப்பிக் குடுத்துடலாம். அந்தப் பொண்ணு உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுச்சே, அத எப்படித் திருப்பிக் குடுப்பீங்க?"

மறுநாள் வேலை முடிந்ததும் அவர் வியாசர்பாடிக்குப் போனார். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. நீண்ட காரிடாரில் வரிசையாக வீடுகள், கம்பிகளில் துணிகள், வாசலில் உட்கார்ந்து காற்று வாங்கும் ஆட்கள். நீலா அவரைக் கண்டதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த மகிழினி, எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

தமீம் உறையை எடுத்து நீலாவின் கையில் கொடுத்தார்.

"ஐயோ, இத்த குடுக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? பசங்களுக்குக் காமிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. பசங்களுக்குக் காட்ட நான் இத வாங்கல. அது பொய்யி. இது ரொம்ப வெல போற ஸ்டாம்புன்னு நெனச்சு வாங்கினேன். சர்டிபிகேட்டுக்கு அனுப்பினேன். வெளுத்துப் போனதுன்னு வந்துருச்சு."

"அதான் அன்னிக்கே சொன்னீங்களே பாய், வெளுத்துப் போச்சுன்னு."

"சொன்னேன். ஆனா..."

"அப்ப நீங்க சொன்னது சரிதானே. சர்டிபிகேட்டு கூட அதத்தானே சொல்லுது. இதுல இன்னா கீது?"

அவள் அவரைக் காப்பாற்றத்தான் முயன்றாள். அதைத் தாங்குவதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது. எழுந்து நின்றுகொண்டார்.

"இல்லம்மா, கேளு. வெளுக்கலன்னு நெனச்சுகினேதான் வெளுத்துதுன்னு சொன்னேன். மூணு லட்சம் போவும்னு நெனச்சேன். அத உன்கிட்ட சொல்லாம உன் கையிலேர்ந்து சும்மா வாங்கிகினேன். உம் பொண்ணு சொன்னது சரி. அவ மன்னிப்பு கேட்டப்ப எனக்குத் தெரியும், அவ சொன்னது சரின்னு."

நீலா உறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மெதுவாகத்தான் அது அவளுக்குள் போனது.

"எங்கம்மா இத்த மூஞ்சி பாக்கற கண்ணாடில சொருகி ஜன்னலாண்ட மாட்டி வச்சுது" என்றாள். "முப்பது வருசம் அங்கதான் இருந்துது. வெயிலு நேரா வுழும். நீங்க கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவேயில்ல."

உண்மை. எங்கே வைத்திருந்தீர்கள், வெயில் பட்டதா, ஈரம் பட்டதா என்பதுதான் எந்தத் தபால்தலையைக் கையில் வாங்கினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி. நாற்பது வருடத்தில் அதைக் கேட்காமல் விட்டது அன்று ஒருநாள்தான். கேட்டால் தன் ஆசை தெரிந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்.

"ஸ்டாம்பு கெடக்கட்டும்" என்றாள் நீலா. "உன்ன நம்பி எம் பொண்ண அடிச்சேன்யா நான். வளந்த பொண்ண. அத்தினி பேர் பாக்க."

பாய் என்பது போய், உன்ன என்று வந்துவிட்டது. அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

"இன்னா செய்யணும்னு சொல்லும்மா."

"எத்தினி பேர் முன்னாடி அடிச்சேனோ அத்தினி பேர் முன்னாடி சொல்லு."

அவள் காரிடாருக்கு வந்தாள். எதிர் வீட்டு டில்லிபாபுவைக் கூப்பிட்டாள். பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டினாள். பத்துப் பன்னிரண்டு பேர் என்னமோ ஏதோ என்று வந்து நின்றார்கள். தமீம் துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். தபால்தலை, அச்சுப் பிழை என்று தொடங்கியதும் யாருக்கும் புரியவில்லை. "சுருக்கா சொல்லு நைனா, இன்னா மேட்டரு?" என்றான் டில்லிபாபு.

"இந்தம்மாவ நான் ஏமாத்தப் பாத்தேன்" என்றார் தமீம். "அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுது. அதுக்குத்தான் அது அடி வாங்கிச்சு. தப்பு என்னுது."

யாராவது திட்டினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. மகிழினி கதவருகே நின்று முழுவதையும் கேட்டாள். போதும் என்றும் சொல்லவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

பிறகு நீலா மகளின் பக்கம் திரும்பினாள். "உன்ன அடிச்சது தப்பு மகி. அம்மாவ மன்னிச்சிரு" என்றாள், எல்லோர் காதிலும் விழும்படி.

அவ்வளவுதான் சொன்னாள். முன்னுரை இல்லை, விளக்கம் இல்லை. இரண்டரை மாதமாகத் தன்னால் முடியாத ஒன்றை அவள் ஒரு மூச்சில் செய்துவிட்டதைத் தமீம் பார்த்துக்கொண்டு நின்றார். மகிழினி அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. சாதாரணமாக மூடிக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. அவர் தனியாகப் படியிறங்கினார்.

மே மாதக் கூட்டத்தில் சங்கத்தாரிடமும் சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். "கடைசில வெத்துக் கவருக்கா பாய் இவ்ளோ பேஜாரு?" என்றார் ஒருவர். இன்னாசி மட்டும் சிரிக்கவில்லை. "வெல சொல்றவன் வாங்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் வச்சுக்கலாம். நீ தொடர்ந்து வெல சொல்லு" என்றார். தமீம் மாட்டேன் என்றுவிட்டார். இப்போதும் அவர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிக்குப் போகிறார். யாராவது ஒன்றை மேசையில் வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தால், இன்னாசியைக் கையால் காட்டிவிட்டுக் குனிந்துகொள்கிறார்.

அந்த வருடம் நவம்பரில் பள்ளியிலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. நீலா தடுத்தாளா, இல்லை பள்ளிக்காரர்களே மறந்துவிட்டார்களா என்று அவருக்குத் தெரியாது. போன் செய்து கேட்டுவிடலாம்தான். எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே வைத்துவிட்டார்.